ரவர் படுத்தாலும் வேலை செய்கிற வெள்ள எச்சரிக்கை: இரணைமடுவுக்குக் கீழே உள்ள ஊருக்கு என்னென்ன வேணும்?

வயல்கரை | செப்ரெம்பர் 14, இரவு 8.10

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

கண்டாவளைப் பக்கம், கனகராயன் ஆற்றை ஒட்டின ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காகக் கேட்கிறன். முந்நூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு (மேலதிகத் தண்ணியை வெளியே விடுற கதவு) திறந்தால் தண்ணி பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான் பக்கத்தால வந்து சுண்டிக்குளம் களப்பில விழ முதல் எங்கட வயலையும் வளவையும் மூடுது. மாரிக்கு முதல் ஏதாவது ஒழுங்கு செய்யவேணும். சங்கத்திட்ட ஒன்றரை இலட்சம் ரூபா இருக்கு. கணினி தெரிஞ்ச பிள்ளைகள் நாலு பேர் இருக்கினம்.

இப்ப இருக்கிறது ஒரு வட்ஸ்அப் குழு மட்டும். கரண்ட் போய், பின்னால ரவரும் போனால் அது செத்துப்போகும். ஆற்று மட்டத்தைத் தானாகப் பார்க்கிற சென்சர் பூட்டலாமா? பூட்டினால் எது? நெற்வேர்க் இல்லாத நேரம் சனத்துக்கு எப்படி அறிவிக்கிறது? பாடசாலையில தங்கினாப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் வந்து திரும்பத் திரும்பப் பெயர் எழுதுது. அதை ஒரே பதிவாக வைச்சிருக்க வழி என்ன?


மட்டப்பலகை | செப்ரெம்பர் 14, இரவு 9.35

தம்பி, சென்சருக்குக் காசு எடுக்க முதல் ஒரு மட்டப்பலகை (ஆற்று மட்டத்தை வாசிக்கிற அளவுகோல்) நடுங்கோ. அது இல்லாமல் எந்தச் சென்சரும் வெறும் எண்ணைத்தான் சொல்லும். "212 சென்ரிமீற்றர்" எண்டு போனில வந்தால், அந்த 212 யாருடைய வாசற்படியைத் தொடும் எண்டு ஆருக்கும் தெரியாது.

பாலத்தின்ர தூணில, தண்ணி வந்து மோதுற முகத்தை விட்டுப் பின்முகத்தில (குப்பை அடிச்சு உடைக்காமல் இருக்க) 3 மீற்றருக்கு அலுமினியப் பலகை ஒண்டு. ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் பெரிய இலக்கம், இடையில 2 சென்ரிமீற்றர் கோடுகள். இரவில ரோச் அடிச்சால் கரையில நிண்டு வாசிக்கக்கூடிய அளவுக்கு இலக்கம் 8 சென்ரிமீற்றராவது உயரம் வேணும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. ஒளி தெறிக்கிற ஸ்ரிக்கர் ஒட்டினால் இன்னும் நல்லது.

அடுத்த வேலைதான் ஆட்கள் செய்யாமல் விடுறது. ஊரில மிகப் பள்ளமான பத்துப் பன்னிரண்டு வீட்டின்ர வாசற்படி, பாடசாலை நிலம், மதகு, றோட்டின்ர தாழ்ந்த இடம் எல்லாம் அந்தப் பலகையின்ர எந்த எண்ணுக்குச் சமம் எண்டு அளக்கவேணும். இதுக்குப் போன் ஜிபிஎஸ் உதவாது, உயரத்தில பல மீற்றர் பிழை விடும். மேசன்மார் பாவிக்கிற தண்ணி ரியூப் காணும். தெளிவான ரியூப் 25 மீற்றர், உள்ளே காற்றுக்குமிழி ஒண்டும் இல்லாமல் தண்ணி நிரப்பி, பலகையிலிருந்து முளைக்கு முளை அடிச்சுக் கொண்டு போங்கோ. குமிழி இருந்தால் இரண்டு பக்கமும் மட்டம் ஒத்து வராது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையையும் பக்கத்துப் பக்கத்தில பிடிச்சுச் சரி பாருங்கோ. கடைசி முளையில இருந்து திரும்பப் பலகை வரைக்கும் அளந்து வாங்கோ. 2 சென்ரிமீற்றருக்கு மேல வித்தியாசம் வந்தால் திரும்பச் செய்யவேணும்.

2018 டிசம்பர் 21 இரவு வந்த வெள்ளத்தின்ர கறை இன்னும் சில சுவரில இருக்கும். இல்லாட்டி வீட்டுக்காரரைக் கேளுங்கோ, "யன்னல் கட்டைக்கு நாலு விரல் கீழ" எண்டு சொல்லுவினம். அதையும் பலகை எண்ணாக மாத்தி எழுதுங்கோ.

பிறகுதான் சிவப்புக்கோடு, தண்ணி அதைத் தொட்டால் ஊர் வெளிக்கிடவேணும். கணக்கு இப்பிடி: ஆகத் தாழ்ந்த வாசற்படி பலகையில 240 எண்டு வைப்பம். வயோதிபர், குழந்தைகளோட ஊரை வெளியேற்ற 3 மணித்தியாலம் வேணும். ஆறு வேகமாக ஏறுற நேரம் மணிக்கு 25 சென்ரிமீற்றர் ஏறும் எண்டால் 75ஐக் கழிக்கவேணும். இரவில ஆட்களை எழுப்ப இன்னும் ஒரு மணித்தியாலம், இன்னும் 25. சிவப்புக்கோடு 140இல. உங்கட ஆற்றின்ர ஏறும் வேகத்தை இந்த ஒக்ரோபரில இருந்தே மழைநாளில மணிக்கொரு தடவை எழுதி எடுங்கோ. வான்கதவு திறந்த நேரத்தையும், பலகையில முதல் ஏற்றம் தெரிஞ்ச நேரத்தையும் பக்கத்தில பக்கத்தில எழுதினால் தண்ணி வந்துசேர எவ்வளவு நேரம் எண்டதும் கையில வந்திடும். குளத்து மட்டத்தைப் பார்க்கிறதெண்டால் இரணைமடுவின்ர முழு மட்டம் 36 அடி. நீர்ப்பாசனத் திணைக்களம் கதவு திறக்க முதல் அறிவிக்கும். அந்த அறிவித்தல் உங்கட சங்கத்துக்கு நேரே வரவேணும், முகநூலில படிச்சு அறியிற நிலை கூடாது. பொறியியலாளர் காரியாலயத்துக்கும் கிராம அலுவலருக்கும் இப்பவே கடிதம் குடுத்து இரண்டு போன் இலக்கத்தைப் பதிய வையுங்கோ.


துருசு | செப்ரெம்பர் 14, இரவு 10.50

மட்டப்பலகை அண்ணை சொன்ன ஒழுங்கு சரி. ஆனால் கொட்டுற மழையில இரவு 2 மணிக்கு ஆற்றங்கரைக்குப் போய் வாசிக்கிற ஆளைப் பற்றியும் யோசிக்க வேணும். ஆள் வழுக்கி விழுந்தால் எச்சரிக்கையும் நிண்டுபோம். பலகைக்குத் துணையாகச் சென்சர் இருக்கட்டும். இரண்டு வகையைப் பற்றிச் சொல்லுறன்.

மலிவானது மீயொலிச் சென்சர். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி எண்டு கடையில கிடைக்கும். தண்ணிக்கு மேல தொங்கவிட்டுத் தூரத்தை அளக்கும். முதல் 20–25 சென்ரிமீற்றருக்குள்ளே குருடு. ஆகவே வரக்கூடிய உச்ச வெள்ளத்துக்கு மேல அரை மீற்றராவது உயரத்தில பூட்டவேணும். கடதாசியில 6 மீற்றர் எண்டு எழுதியிருந்தாலும் 4 மீற்றருக்கு மேல நம்பாதேங்கோ. ஒலியின்ர வேகம் வெப்பத்தோட மாறும்: செக்கனுக்கு 331.4 மீற்றர், ஒவ்வொரு பாகைக்கும் 0.6 கூட்டவேணும். மத்தியானம் 35 பாகை, மழை இரவில 22 பாகை எண்டால் 4 மீற்றர் தூரத்தில 9 சென்ரிமீற்றர் பிழை, தண்ணி அசையாமலே. டிஎஸ்18பி20 வெப்பச் சென்சர் ஒண்டைச் சேர்த்து, அந்த வாசிப்பால திருத்துங்கோ. ஒரு வாசிப்பை மட்டும் எடுக்காதேங்கோ. 15 எடுத்து நடு எண்ணைப் பாவியுங்கோ, மிதந்து வாற சல்வீனியாவும் வாழைத்தண்டும் அப்பிடித்தான் வடியும். சென்சர் வாயில சிலந்தியும் குளவியும் கூடு கட்டும், மாதம் ஒரு தடவை துடைக்கவேணும்.

நான் வாங்கச் சொல்லுறது மற்றது: தண்ணிக்குள்ளே போடுற அழுத்தச் சென்சர், 0–5 மீற்றர், ஆழத்துக்கேற்ப 4–20 மில்லியம்பியர் மின்னோட்டம் குடுக்கிற வகை. 150 ஓம் தடை ஒண்டைத் தொடரில போட்டால் 0.6 தொடக்கம் 3.0 வோல்ற் வரும், ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 4.8 மில்லிவோல்ற். வாசிப்பை எடுக்கிற சின்னக் கணினிப் பலகை ஈஎஸ்பி32இன்ர சொந்த வோல்ற் அளவியை நம்பாதேங்கோ, இரண்டு நுனியிலும் வளையும். வோல்றை அளக்கிற ஏடிஎஸ்1115 சில்லு ஒண்டு சேர்த்தால் துல்லியம் தாராளம். சென்சருக்கு 12–24 வோல்ற் வேணும். 2 அங்குல பிவிசி குழாயில அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, உள்ளே தொங்கவிடுங்கோ. அடியில சேறு படியும், ஆகவே நிலத்தில இருந்து 15 சென்ரிமீற்றர் மேல.

வாங்கையில ஒரு விசயம் பார்த்து வாங்குங்கோ. கேபிளுக்குள்ளே சிறிய காற்றுக்குழாய் இருக்கிற வகைதான் வேணும். அது இல்லாத சென்சர் தண்ணியின்ர பாரத்தோட காற்றின்ர பாரத்தையும் சேர்த்து அளக்கும். தாழமுக்கம் கிட்ட வரக் காற்றழுத்தம் குறையும். 1 ஹெக்ரோபஸ்கால் குறைஞ்சால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தண்ணி குறைஞ்சதாகக் காட்டும். 15 குறைஞ்சால் ஆறு 15 சென்ரிமீற்றர் வத்தினமாதிரித் தெரியும். சூறாவளி வாற அண்டைக்கே பார்த்துப் பொய் சொல்லுற கருவி அது. காற்றுக்குழாயின்ர மேல் நுனியைப் பெட்டிக்குள்ளே, நீர் உறிஞ்சுற சிலிக்கா மணிப் பையோட விடுங்கோ. பெட்டியைக் காற்றே புகாமல் பசை போட்டு அடைச்சால் அந்தக் குழாய்க்கு அர்த்தமில்லை. பெட்டியின்ர அடியில சிறு துளை, அதுக்கு நைலோன் வலை.

மின்சாரம்: 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றறி, 20 வாற் சூரியத் தகடு. எல்லாம் சேர்த்துச் சராசரி 20 மில்லியம்பியருக்குள்ளே அடக்கினால், பற்றறியின்ர பாதியைப் பாவிச்சே 7 நாள் வெயில் இல்லாமல் ஓடும். மாரியில அது வேணும்.

குறுஞ்செய்தி அனுப்புற சிம் மொடியூல்தான் அதிகமாகப் படுக்கும். அனுப்புற கணத்தில 2 அம்பியர் வரை இழுக்கும். வயர் மெல்லியதெண்டால் வோல்ற் இறங்கித் தானே நிண்டு திரும்பத் தொடங்கும், செய்தி போகாது. மொடியூலின்ர காலடியிலேயே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒண்டு ஒட்டுங்கோ. இன்னொண்டு, சிம்மில காசு போடாமல் விட்டு அது செயலிழக்கிறது. மாரி தொடங்க முதல் நாள் குறிச்சு நிரப்புங்கோ. 15 நிமிசத்துக்கு ஒருக்கா அளந்து, கோட்டைத் தாண்டினால் மட்டும் செய்தி. ஆனால் காலை 6க்கும் மாலை 6க்கும் "உயிரோட இருக்கிறன்" எண்டு ஒரு செய்தி கட்டாயம். அது வராட்டில் ஆள் போய்ப் பார்க்கவேணும். வராத செய்தியை "வெள்ளம் இல்லை" எண்டு எடுக்கக் கூடாது.


பனைநிழல் | செப்ரெம்பர் 15, காலை 6.20

செய்தி அனுப்புவதைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி.

அழைப்பும் டேற்றாவும் நெரிசலில் முதலில் திணறும். குறுஞ்செய்தி சிறியது, உடனே போகாவிட்டாலும் வலையமைப்பு வைத்திருந்து திரும்ப முயலும். ஆகவே முதல் வழி குறுஞ்செய்தி, வட்ஸ்அப் இரண்டாவது. ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்தில் 160. அதிலும் நம் எழுத்துக் கணக்கு வேறு, போனின் கணக்கு வேறு. "வெள்ளம்" நாலு எழுத்து. போன் அதை 7 என்று எண்ணும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. 70ஐத் தாண்டினால் துண்டாகும், துண்டுக்கு 67 தான். நெரிசலில் ஒரு துண்டு வந்து மற்றது வராமல் நின்றால், சில போன்கள் எதையுமே காட்டாது.

இதை எண்ணிப் பார்த்தே எழுதியிருக்கிறேன், சரியாக 69 வரும்:

காலை 7க்கு வான்கதவு திறக்கும். பன்னங்கண்டி ஆட்கள் பாடசாலைக்கு வாங்கோ.

"அவதானமாக இருக்கவும்" என்ற சொல்லை எழுத வேண்டாம். எந்த நேரம், எந்த இடம், எங்கே போவது, மூன்றும் இருந்தால் போதும். இப்படி ஏழெட்டு வாசகங்களை இப்போதே எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றக்கூடியதாகப் போனில் சேமித்து வையுங்கள். வெள்ள இரவில் யாராலும் நிதானமாகத் தட்டச்சுச் செய்ய முடியாது.

ஒரே போனிலிருந்து முந்நூறு பேருக்கு அனுப்பலாம் என்று எண்ண வேண்டாம். ஆன்ட்ரொயிட் ஒரு செயலியிலிருந்து அரை மணிக்குள் 30 செய்திக்கு மேல் போனால் மறித்து அனுமதி கேட்கும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் செயலிகள் அந்த இடத்தில்தான் நிற்கும். 12 பேரைத் தெரிவு செய்து, ஒவ்வொருவருக்கும் 25 வீடு. அந்த 12 பேரும் வேறுவேறு நிறுவனச் சிம் வைத்திருந்தால் நல்லது, ஒரு ரவர் போனாலும் இன்னொன்று நிற்கக்கூடும். 25 வீட்டில் யாரிடம் போன் இல்லை, யாருக்குக் காது கேட்காது, யார் தனியே இருக்கும் முதியவர் என்பதை அவர் கையால் எழுதி, லமினேற் செய்து வீட்டில் மாட்டி வைக்க வேண்டும். மாதர் சங்கத்து அக்காமாரிடம் இந்தப் பட்டியல் ஏற்கனவே மனதில் இருக்கும், அவர்களை முன்னுக்கு விடுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கைக்கென்று தனிக் குழு, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியதாக. ஒவ்வொரு செய்தியிலும் திகதி, நேரம், "இது எத்தனை மணி வரை செல்லும்" என்பது இருக்க வேண்டும். மாரி வந்தால் பழைய வெள்ளப் படங்களும் "குளம் உடைப்பெடுத்திட்டுது" என்ற குரல் பதிவுகளும் திரும்பச் சுற்றும். குளக்கட்டு உடைந்தது என்ற வதந்திக்குச் சனம் இருட்டில் ஓடி ஆற்றுக்குள் இறங்கினால் அதைவிட ஆபத்து எது? சந்தேகம் என்றால் 117, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். அல்லது கிராம அலுவலர்.

எல்லாம் படுத்தால் கோயில் ஒலிபெருக்கி. அதற்குத் தனிப் பற்றறி இருக்கிறதா என்று ஐயரையோ பரிபாலன சபையையோ இன்றே கேளுங்கள். மணிக்கும் ஓர் ஒழுங்கு வையுங்கள்: விட்டு விட்டு மூன்று அடித்தால் ஆயத்தம், நிற்காமல் அடித்தால் வெளியேற்றம். தேவாலயத்துக்கும் அதே ஒழுங்கு, இல்லாவிட்டால் பூசை மணியென்று விட்டுவிடுவார்கள்.


வயல்கரை | செப்ரெம்பர் 15, மாலை 5.45

நன்றி, உங்கள் எல்லாருக்கும். அச்செடுத்துச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு போறன். இரண்டு கேள்வி. ரவர் இல்லாமல் போனுக்குப் போன் செய்தி அனுப்புற லோரா கருவி எண்டு பிள்ளைகள் சொல்லுதுகள், அது எங்கட இடத்துக்குச் சரிவருமா? செய்மதியால இணையம் தாற ஸ்ரார்லிங் ஒண்டை வாங்கினால் எல்லாம் தீருமா? மற்றது, சூறாவளி வருது எண்டு போனில படம் பார்க்கிறம், எதை நம்புறது?


துருசு | செப்ரெம்பர் 15, இரவு 7.30

லோரா சரிவரும், ஆனால் உயரம் வேணும். வன்னி தட்டை நிலம், இடையில காடும் பனந்தோப்பும். 5 கிலோமீற்றர் இடைவெளிக்கு, நடுவழியில பார்வைக்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 12 மீற்றர் தடையில்லாத வெளி வேணும். நிலத்தில நிண்டு பிடிச்சால் ஒரு கிலோமீற்றர் போகிறதே கஷ்டம். தண்ணித்தாங்கியின்ர உச்சியில ஒரு கணு (செய்தியை வாங்கி அனுப்புற லோராக் கருவி), பாடசாலை மாடியில ஒரு கணு எண்டு வைச்சால் வேலை செய்யும். மெஸ்ராஸ்ரிக் மென்பொருள் போடுங்கோ. போனோட புளூரூத்தால இணையும். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட். தமிழ்க் குறி ஒவ்வொண்டும் 3 பைட், ஆக 66 குறிதான். இடைவெளி, புள்ளி, இலக்கம் ஒவ்வொண்டும் 1 பைட் தான், ஆகவே அக்கா எழுதின வாசகம் வெட்டாமலே இதுக்கும் பொருந்தும். அன்ரெனா பூட்டாமல் மின் குடுத்தால் அனுப்பும் சில்லு கருகும், பிள்ளைகளுக்கு இதை முதல் சொல்லுங்கோ. எந்த அலைவரிசை எண்டதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்டக் கேட்டு, அதுக்குரிய பலகையை வாங்குங்கோ. வெளிநாட்டுக் கடையில மலிவெண்டு வேற அலைவரிசைப் பலகை எடுத்தால் காசும் போம், சட்டச் சிக்கலும் வரும்.

ஸ்ரார்லிங் இணையத்தைத் தரும், கரண்டைத் தராது. சாதாரணத் தட்டு 75–100 வாற் இழுக்கும். 12 வோல்ற் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றறியில பாதியைத்தான் எடுக்கலாம், அது 600 வாற்-மணி. 6 தொடக்கம் 8 மணித்தியாலம், அவ்வளவுதான். சின்னத் தட்டு 30 வாற் பக்கம், அது ஒரு பகலும் முன்னிரவும் ஓடும். பிரதேச செயலகத்திலயோ முகாம் பாடசாலையிலயோ ஒண்டு இருந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை அரை மணி திறந்தால் பிரயோசனம். உங்கட ஒன்றரை இலட்சத்தில எடுக்க நான் சொல்லமாட்டன். அந்தக் காசில பலகை, சென்சர், இரண்டு லோராக் கணு, கோயிலுக்கு ஒரு பற்றறி.


அலைகரை | செப்ரெம்பர் 15, இரவு 9.05

முன்னறிவிப்புப் படம் பார்ப்பது பற்றி.

பெயர் வைத்த சூறாவளியின் கண் எங்கே கரைகடக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதற் பிழை. 2008 நவம்பரில் நிஷா கரைகடந்தது காரைக்கால் பக்கத்தில். வடக்கு இங்கே மூழ்கியது. 2020 டிசம்பர் 2இல் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவில் போய் நகராமல் நின்றது. கண் போனபிறகும் மழை நிற்கவில்லை. 2018 டிசம்பர் 21 இரவு பெயர் வைத்த சூறாவளியே இல்லை. ஆகவே கோட்டைப் பார்க்காமல் மழை அளவைப் பாருங்கள், அதுவும் உங்கள் ஊரில் அல்ல, கனகராயன் ஆறு நீர் சேர்க்கும் வவுனியா வடக்கில், மாங்குளம் பக்கத்தில். 1 சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை என்றால் 1 இலட்சம் கன மீற்றர், கமக்காரர் கணக்கில் 81 ஏக்கர் அடி. நிலம் ஏற்கனவே ஊறியிருந்தால் அதில் பெரும் பங்கு குளத்துக்கே வரும். நவம்பர் முதல் மழையும் டிசம்பர் கடைசி மழையும் ஒரே அளவென்றாலும் ஒரே வெள்ளமல்ல.

விண்டி போன்ற செயலியில் ஐரோப்பியக் கணினி முன்னறிவிப்பு மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒத்தால் நம்பிக்கை கூடும். ஒன்று 40, மற்றது 200 என்றால் 200க்கு ஆயத்தமாகுங்கள். அறிக்கைகளில் யூடிசி (உலகப் பொது) நேரம் இருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும்: 1800 என்றால் நமக்கு இரவு 11.30. கரைகடக்கும் நேரத்தை மாலை 6 என்று அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லையென்று சனம் வீடு திரும்பினால் நடுச்சாமத்தில் மாட்டிக்கொள்ளும். வெளியேற்றத்தை முடிவெடுப்பது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும் பலகையின் சிவப்புக்கோடும்; செயலி ஆயத்தத்துக்கு மட்டும். மன்னார்ப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: அருவியாற்றின் தந்திரிமலை மட்டம் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நீர்மட்ட அறிக்கையில் வரும். தேக்கத்துக்கும் குஞ்சுக்குளத்துக்கும் அது முன்கூட்டியே கிடைக்கும் செய்தி.

செய்மதிப் படம் பற்றியும் யாராவது கேட்பார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். மழை முகிலுக்குள்ளாலும் பார்ப்பது ராடர் செய்மதி. சென்ரினல்-1 இன் படம் இலவசம், ஒரு புள்ளி 10 மீற்றர். தண்ணி கறுப்பாக விழும். ஆனால் காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) விதைத்த வயலில் ஏற்கனவே தண்ணி நிற்கும், அதுவும் அதே கறுப்பு. வெள்ளப் படத்தைத் தனியே பார்த்தால் பரந்தன் வெளி முழுவதும் கடல் என்று தோன்றும். மழைக்கு முன் எடுத்த படத்தை, அதே பாதையில் அதே திசையில் செய்மதி போனபோது எடுத்ததை, எடுத்துக் கழிக்க வேண்டும். பனந்தோப்புக்குள்ளும் காட்டுக்குள்ளும் நிற்கும் தண்ணி கறுக்காது. மரத்தில் பட்டுத் தெறித்து வெளுப்பாகக் கூட வரலாம். ஒரு செய்மதி அதே பாதைக்கு 12 நாளுக்கு ஒருக்காத்தான் வரும், ஆகவே இது எச்சரிக்கைக்கு உதவாது. வயல் அழிவுக் கணக்குக் கேட்கும்போது, எந்த வயற்கண்டம் எத்தனை நாள் மூழ்கியது என்று காட்டத்தான் இது பெறுமதி.

கடைசியாக வரைபடம். திறந்த தெருவரைபடத்தில் (ஓபன்ஸ்ரீட்மப், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) உங்கள் ஊரின் ஒழுங்கைகள், மதகு, தாம்போதி (தண்ணி மேலால் பாயும் தாழ்ந்த பாதை), உயரமான கட்டடங்களை இந்த மாதமே போடுங்கள். ஓஎஸ்எம்ஆன்ட் செயலியில் இலங்கைக் கோப்பை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். எது முதலில் மூழ்கும் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் மீட்புக் குழு கூகிளின் வழியைப் பிடித்து நேரே தாம்போதிக்குள் இறங்கும். காட்டுப் பாதை எதையும் குறிக்கும்போது கண்ணிவெடி எச்சரிக்கைப் பதாகை இருந்த இடங்களை விலக்குங்கள். வெள்ளம் மண்ணை அரித்தால் புதைந்தவை இடம் மாறக்கூடும்.


பனைநிழல் | செப்ரெம்பர் 16, காலை 5.50

முகாம் பதிவுக் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு வருகிறேன்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கணினித் தொண்டர்கள் சகானா என்ற இலவச மென்பொருளை எழுதினார்கள்: காணாமற்போனோர், முகாம்கள், நிறுவனங்கள், தேவைகள் என்று தனித்தனிப் பதிவேடு, பின்னர் பல நாடுகள் எடுத்தன. ஒரு கிராமத்துக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் அதன் அடிப்படையை எடுங்கள்: ஆளுக்கு ஒரு பதிவு, எல்லா நிறுவனமும் பார்ப்பது அந்த ஒரே பதிவு.

கோபோ கலெக்ட் செயலி போதும். படிவத்தைத் தமிழில் கணினியில் அமைத்து, நாலு போனிலும் இப்போதே இறக்கி வையுங்கள். இணையம் இல்லாமல் நிரப்பலாம், கிடைக்கும்போது அனுப்பும். வெள்ளம் வந்தபிறகு படிவத்தை இறக்கப் போனால் அங்கேயே நிற்பீர்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கக்கூடாது: கிராம அலுவலர் பிரிவு, குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், ஆட்கள் தொகை, 2 வயதுக்குக் கீழ், கர்ப்பிணி, படுக்கையில் உள்ளவர், தவறக்கூடாத மருந்து (இன்சுலின், வலிப்பு மருந்து, சிறுநீரக நோய் மருந்து), விட்டு வந்த ஆடுமாடு. ஊர்ப் பெயரைத் தட்டச்ச விடாதீர்கள், தெரிவுப் பட்டியலாக வையுங்கள். "முரசுமோட்டை", "முரசு மோட்டை", "முறசுமோட்டை" மூன்றும் கணினிக்கு மூன்று ஊர்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்படுவது பெரும்பாலும் அடையாள அட்டையால்தான். காலை பழைய அட்டை இலக்கம், மாலை புதிய இலக்கம். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை விட்டால் புதிய 12 இலக்கம் வரும். பதியும்போதே எல்லாவற்றையும் 12ஆக மாற்றுங்கள். எக்செல்லில் திறக்கும்போது அந்த நிரலை எழுத்து வடிவமாக மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் 12 இலக்கம் 1.98இ+11 என்று சுருங்கும். அப்படியே சேமித்தால் சில வடிவங்களில் உண்மை இலக்கம் திரும்பக் கிடைக்காது. தமிழ் புரியாத குறிகளாகத் தெரிந்தால் கோப்புப் பழுதில்லை, யூரிஎஃப்-8 என்று சொல்லித் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு தலையிடி பாமினி எழுத்துரு. அலுவலகத்திலிருந்து வரும் பழைய குடும்பப் பட்டியல் பாமினியில் இருந்தால், கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துக்கள். உங்கள் யூனிகோட் பதிவோடு ஒரு பெயரும் பொருந்தாது. இப்போதே மாற்றி, பத்துக்கு ஒரு பெயர் கண்ணால் சரிபாருங்கள், "ஸ்ரீ"யும் "க்ஷ"வும் அடிக்கடி சிதையும்.

அடையாள அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் போடுவதை யாருக்கும் அனுமதிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிட, எந்த வீட்டில் பெண்கள் தனியே இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஊரெல்லாம் சுற்றக் கூடாது. நிறுவனங்களுக்குத் தொகையைக் கொடுங்கள்: இத்தனை குடும்பம், இத்தனை குழந்தை. பெயர்ப் பட்டியல் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் மட்டும்.


மட்டப்பலகை | செப்ரெம்பர் 16, இரவு 8.25

நல்லாய் விளங்கப்படுத்தியிருக்கிறியள். தம்பி, ஒரு ஒத்திகை வையுங்கோ, ஒக்ரோபர் முதற் கிழமைக்குள்ளே. பகலில வேண்டாம், இரவு 8 மணிக்கு. 12 பேரும் டேற்றாவை நிப்பாட்டட்டும், வீட்டு மெயின் சுவிச்சையும் நிப்பாட்டட்டும். 8.00க்குச் சென்சரை, அடி மூடின நீளமான குழாயில நிரப்பின தண்ணிக்குள்ளே இறக்கி, சிவப்புக்கோட்டுக்குச் சமமான உயரம் வரப் பண்ணுங்கோ. முதல் குறுஞ்செய்தி எத்தனை மணிக்கு வந்தது, கடைசி வீட்டுக் கதவைத் தட்டினது எத்தனை மணிக்கு எண்டு கொப்பியில எழுதுங்கோ.

அந்த இடைவெளி ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால், நான் மேல சொன்ன 140 எண்ட கோடு காணாது. தாண்டின நேரத்தை 25ஆல பெருக்கி அவ்வளவு சென்ரிமீற்றர் கீழ இறக்கிக் கோட்டைத் திரும்ப வரையுங்கோ. பெயின்ற் காய ஒரு நாள் வேணும், மழை இல்லாத நாளாய்ப் பார்த்து.


வயல்கரை | செப்ரெம்பர் 16, இரவு 9.10

சரி அண்ணை. ரியூப் 25 மீற்றர் நாளைக்குப் பரந்தனில எடுக்கிறம். சனிக்கிழமை காலமை பலகையில இருந்து அளக்கத் தொடங்குறம். வாசற்படி எண்கள் வந்ததும் இங்க போடுறன், கோடு சரியோ எண்டு நீங்கள் பார்க்கவேணும்.